குலத்தை நினைத்தலும் குலத்தை ஆராய்தலும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருவாய்மொழியின் மூன்றாம் பத்தில் ஏழாம் பதிகம் பாகவதர்களின் பெருமையைப் பேசுவது. எம்பெருமானுக்கு அடிமைப்பட்டவர் எவராயினும், எக்குலத்தில் தோன்றியவராயினும், அவரே தம்மை ஆளும் தலைவர் என்று நம்மாழ்வார் அதில் அறுதியிடுகிறார். நால்வகை வருணங்களுக்கும் புறம்பாக உலகம் ஒதுக்கி வைத்த பிறப்பினரையும் எடுத்துக்கொண்டு, அவர்தம் அடியார்க்கு அடியாரும் தமக்குத் தலைவரே என்கிறார். அப்பதிகத்தின் இறுதிப் பாசுரத்திலோ, தம் வழக்கப்படியே, இதைப் பாடியவன் குருகூரைச் சேர்ந்த சடகோபன் என்று ஊரையும் பெயரையும் பதிக்கிறார்.

பிறப்பைப் பாராதே என்று உபதேசித்த வாயே, தாம் பிறந்த ஊரைச் சொல்லி முடிக்கிறது. பலகால் சேவித்தும் இதை நாம் கவனியாமல் கடந்துவிடுகிறோம். ஏனைய ஆழ்வார்களின் முத்திரைப் பாசுரங்களும் இத்தகையனவே. பெரியாழ்வார் வில்லிபுத்தூரைப் பல இடங்களில் சொல்கிறார். ஆண்டாள் தன்னைப் பட்டர்பிரானின் மகள் என்கிறாள். குலசேகரப் பெருமாள் தம் நாட்டையும் நகரங்களையும் கூறுகிறார். திருமங்கையாழ்வாரோ மங்கையர்கோன் என்றும் கலியன் என்றும், தம் வாளையும் வேலையும் சேர்த்தே பாடுகிறார். தோன்றிய இடத்தை இவர்கள் மறைக்கவுமில்லை, மறக்கவுமில்லை.

கடல் கடந்து வாழும் ஸ்ரீவைஷ்ணவர்களிடையே இன்று அடிக்கடி எழும் ஒரு வினாவுக்கு இதிலிருந்தே விடை தேடலாம் என்று அடியேனுக்குத் தோன்றுகிறது. எங்கள் கோத்ரத்தையும் குலதெய்வத்தையும் வீட்டுப் பேச்சையும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதே சாதிவெறி ஆகிவிடுமா என்று சிலர் வருந்திக் கேட்கின்றனர். சாதி என்பதே வெளிநாட்டில் இல்லை, அதைப் பற்றிப் பேசுவோரே அதை உண்டாக்குகின்றனர் என்று சிலர் சினந்து கூறுகின்றனர். முதல் வினாவில் நியாயம் உண்டு. இரண்டாவது கூற்று உண்மைக்கு மாறானது. இரண்டையும் பிரித்து அறிய ஓர் அளவுகோல் வேண்டும்.

நம் சம்பிரதாயம் அதற்கான சொல்லை முன்பே தந்திருக்கிறது. பாகவதர்களிடத்தில் செய்யும் அபசாரம் பலவகைப்படும். அவற்றுள் ஒன்று அவர்களுடைய பிறப்பை ஆராய்வது என்று பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசந பூஷணத்தில் காட்டுகிறார். இதற்கு ஜந்ம நிரூபணம் என்று பெயர். அந்தக் குற்றம் முழுவதும் பிறரைப் பற்றியது. தான் பிறந்த குடியை ஒருவன் நன்றியோடு நினைப்பதை ஜந்ம ஸ்மரணம் என்று வேண்டுமானால் அழைப்போம். நினைப்பது தன்னை, ஆராய்வது பிறனை. ஆழ்வார் தம் பதிகத்தின் இறுதியில் செய்தது முன்னது. அதே பதிகத்தின் உள்ளே அவர் தடுத்தது பின்னது.

இந்த வேறுபாட்டைச் சொல்வது எளிது. வாழ்க்கையில் முன்னது எப்போது பின்னதாக மாறுகிறது என்று கண்டுபிடிப்பதே அரிது. எனவே சொல்லை விட்டு, ஓர் ஊரைப் பார்ப்போம்.

மலைச்சரிவில் ஒரு பாடம்

மேற்குத்தொடர்ச்சி மலையின் கீழ்ச்சரிவை ஒட்டிக் கிடக்கும் போடிநாயக்கனூர், புலம்பெயர்தலை அமெரிக்காவுக்கு வெகுகாலம் முன்பே அறிந்த ஊர். அதன் பெயரிலேயே நாயக்கர் இருக்கிறார். விஜயநகரப் பேரரசின் காலத்தில் தெலுங்கு நாட்டிலிருந்து தெற்கே வந்து குடியேறிய கம்பளத்தார் வழியில் வந்தவர்கள் இவ்வூரின் பாளையக்காரர்கள். மதுரை நாயக்கர் ஆட்சியின் 72 பாளையங்களில் இதுவும் ஒன்று. நூற்றாண்டுகள் பல கழிந்த பின்பும் அக்குடியினர் பலரது வீட்டுப் பேச்சு தெலுங்குதான். சுற்றிலும் தமிழ் ஒலிக்கும் நாட்டில் ஒரு மொழியை இத்தனை தலைமுறைகள் காப்பது சிறிய காரியமன்று. அதற்காக அவர்கள் அயலாரிடம் எதையும் பறிக்க வேண்டியிருக்கவில்லை. தாயும் பாட்டியும் குழந்தையோடு பேசிய பேச்சே அதைக் காத்தது.

ஊருக்கு மேற்கே மலைப்பாதை கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டை அடைகிறது. அதற்கு அப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். உடும்பன்சோலை வட்டத்தின் ஏலத்தோட்டங்கள். முன்பு திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்த இம்மலைகள், 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கேரளத்துக்கு உரியவாயின. தோட்டத்தில் ஏலச்செடியின் அடியில் குனிந்து காய் எடுக்கும் கைகள் பெரும்பாலும் போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து செல்லும் தமிழ்ப் பெண்களின் கைகள். விடியுமுன் ஜீப்புகளில் ஏறி மலைக்குச் சென்று மாலையில் திரும்புவோர் உண்டு. தோட்டத்து லயங்களிலேயே தலைமுறைகளாகக் குடியிருப்போரும் உண்டு. ஸ்டோரில் உலர்த்திய காய் மீண்டும் மலையிறங்கிப் போடியின் ஏல மையத்துக்கு வருகிறது. எம்பெருமானுக்குக் கண்டருளப்பண்ணும் அக்காரவடிசிலிலும் தீர்த்தத்திலும் மணக்கும் ஏலம், இவ்வழியே வந்ததாக இருக்கலாம். அதைப் பறித்தவள் இன்ன குலத்தவள் என்று நாம் கேட்பதில்லை.

இம்மலையின் அடிவாரத்திலும் உச்சியிலும் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. 1989-ஆம் ஆண்டு போடி வட்டாரத்தில் முக்குலத்தோருக்கும் பட்டியல் வகுப்பினருக்கும் இடையே கலவரம் மூண்டது. உயிர்கள் போயின, வீடுகள் எரிந்தன. ஒரே மண்ணில் உழைத்து, ஒரே சந்தையில் வாங்கி விற்றவர்கள், பிறப்பு ஒன்றையே காரணமாக வைத்து ஒருவரை ஒருவர் பகைத்தனர்.

22 ஆண்டுகளுக்குப் பின், 2011 டிசம்பரில், முல்லைப்பெரியாறு அணைச் சிக்கல் முற்றியபோது மலைமேல் இருந்த தமிழ்த் தொழிலாளர்கள் அச்சுறுத்தப்பட்டனர். குடும்பம் குடும்பமாக வேலையையும் லயத்தையும் விட்டுத் தேனி மாவட்டத்துக்கு இறங்கி வந்தனர். அதே நாட்களில் கீழே மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன என்பதையும் சொல்லாமல் விடலாகாது. அணையின் நீர்மட்டத்தைத் தீர்மானித்தவர் எவரும் இறங்கி வந்த கூட்டத்திலும் இல்லை, கடைகளை இழந்த கூட்டத்திலும் இல்லை. ஆனாலும் அவர்கள் பிறந்த மொழியே அவர்கள் குற்றமாயிற்று.

அந்த டிசம்பரில் மலையிறங்கியவர்களிடம் எவரும் நீ எந்தச் சாதித் தமிழன் என்று கேட்கவில்லை. அடிவாரத்தில் தமக்குள் உயர்வு தாழ்வு பேசிய அனைவரும் மேலே ஒரே பெயரால் வெறுக்கப்பட்டனர். ஒருவன் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறான் என்பதை வெறுப்பு பொருட்படுத்துவதே இல்லை. தன் கணக்கை அது அவன் மேல் எழுதிவிடுகிறது. பிறப்பால் எடை போடப்படுவது எவ்வாறு வலிக்கும் என்பதை அன்று அம்மலை எல்லோருக்கும் ஒருசேரக் கற்பித்தது. அந்த வலியை அறிந்த பின்பும் கீழே வந்து பிறரை அதே தராசில் நிறுத்தினால், கற்ற பாடம் வீணாகும்.

இங்கிருந்து ஓர் அளவுகோலை எடுத்துக்கொள்ளலாம். அடையாளத்தைக் காப்பதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். வீட்டில் தெலுங்கு பேசுவோன் அதற்கான உழைப்பைத் தானே தருகிறான். ஏகாதசியில் உபவாசம் இருப்போன் தன் பசியை விலையாகத் தருகிறான். ஸந்தை முறையில் பிரபந்தம் கற்கும் சிறுவன் தன் விளையாட்டு நேரத்தைத் தருகிறான். இவையெல்லாம் ஜந்ம ஸ்மரணத்தின் பாற்பட்டவை. வீடு வாடகைக்குக் கேட்டு வந்தவனிடம் குலம் விசாரித்துத் திருப்பி அனுப்பினால், விலை கொடுப்பவன் அவன். தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்தால், விலை கொடுப்பவன் குடிப்பவன். நம் அடையாளத்துக்குப் பிறன் விலை கொடுக்கும் கணத்தில் அது ஜந்ம நிரூபணம் ஆகிவிடுகிறது.

கடல் கடந்த பின்

அமெரிக்காவின் நிலை இவ்வளவு வெளிப்படையானதன்று. அங்கே தனித் தெரு இல்லை, தனிக் குவளை இல்லை. 1965-இல் அந்நாட்டின் குடியேற்றச் சட்டம் மாறிய பின் சென்ற முதல் தலைமுறையினருள் பெரும்பாலோர் உயர்கல்வி பெற்றவர்கள். கல்வி நம் நாட்டில் எக்குடிகளுக்கு முன்னமே கிடைத்ததோ அக்குடிகளே அங்கு மிகுதியாகச் சென்றன. 2020-இல் அமெரிக்க இந்தியரிடையே நடந்து, மறு ஆண்டு கார்னகி நிறுவனம் வெளியிட்ட ஆய்வில், இந்துக்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமக்கு ஒரு சாதி அடையாளம் உண்டு என்றனர். அவ்வாறு கூறியவர்களுள் பத்தில் எட்டுக்கு மேற்பட்டோர் பொதுப்பிரிவினர் அல்லது உயர்சாதியினர். அந்நாட்டிலேயே பிறந்தவர்களிடம் இவ்வடையாளம் குறைவாகவே காணப்பட்டது.

எல்லோரும் ஏறத்தாழ ஒரே பிரிவினராய் இருக்கும் கூட்டத்தில் சாதி கண்ணுக்குத் தெரியாது. நீரில் வாழும் மீன் நீரை அறியாததுபோல, அங்கு ஒருவர் சாதி இல்லை என்று மனமறிந்து பொய் சொல்லாமலேயே சொல்லிவிட முடியும். அக்கூட்டத்தில் புதிதாக நுழையும் வேறு பிறப்பினரே அதை உணர்வர். முதுகில் நட்போடு தட்டுவதுபோல் தோளைத் தடவிப் பூணூல் இருக்கிறதா என்று பார்க்கும் வழக்கத்தைப் பற்றி அங்குப் பணிபுரியும் சிலர் கூறியிருக்கின்றனர். சொந்த ஊர் எது, அங்கே எந்தத் தெரு, வீட்டில் புலால் உண்டா என்று அடுக்கடுக்காக வரும் வினாக்களும் அதே தேடல்தான்.

2020 ஜூனில் கலிபோர்னியா மாநில அரசின் துறை ஒன்று சிஸ்கோ நிறுவனத்தின் மீது சாதிப் பாகுபாட்டுக்காக வழக்குத் தொடுத்தது. குற்றச்சாட்டு வேறு, தீர்ப்பு வேறு என்பதை நாம் மறக்கலாகாது. மேலாளர் இருவர் மீதான பகுதியை 2023-இல் அந்தத் துறையே கைவிட்டது. அதே ஆண்டு பிப்ரவரி 21 அன்று சியாட்டில் நகரமன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அமெரிக்க நகரங்களுள் அதுவே முதலாவது. கலிபோர்னியாவின் சட்டமன்றம் நிறைவேற்றிய இத்தகைய சட்டத்தை ஆளுநர் அக்டோபர் 7 அன்று, இருக்கும் சட்டங்களே போதும் என்று கூறி ஒப்புதல் தராமல் திருப்பினார். பிரிட்டனின் அரசும் 2018-இல் தனிச் சட்டம் வேண்டாம், நீதிமன்றங்களின் விளக்கமே போதும் என்று முடிவுசெய்தது.

சட்டம் வேண்டுமா, வேண்டாமா என்பது அந்தந்த நாட்டார் ஆராய வேண்டியது. ஆயினும் அந்த விவாதத்தில் நம்மவர் பலர் கூறிய ஓர் அச்சத்தை மதித்தே ஆகவேண்டும். திருமண் இட்டவன், பூணூல் அணிந்தவன் என்றாலே பிறரை இழிவாக நினைப்பவன் என்று அயலார் முடிவுகட்டிவிடுவர் என்பது அவ்வச்சம். அவ்வாறு முடிவுகட்டுவதும் ஜந்ம நிரூபணமே, அது தவறு. ஆனால் அந்தத் தவற்றுக்கு விடை, நம்மிடையே குறையே இல்லை என்று சாதிப்பதன்று. குறை நேர்ந்த இடத்தில் முதலில் வருந்துபவர் நாமாக இருந்தால், அயலார் எளிதில் நம்மைத் தவறாக எண்ணார்.

இங்கு மற்றொன்றும் கருதத்தக்கது. அடையாளம் எல்லோர்க்கும் ஒரே எடையுடையதன்று. மேற்குடியில் பிறந்தோன் தன் குலத்தைச் சொன்னால், அதிகம் போனால் பழமைவாதி என்பர். தாழ்த்தப்பட்ட குடியில் பிறந்தோன் சொன்னால், மறுநாள் அவனோடு உண்பாரின் எண்ணிக்கை குறையலாம். ஆகவே அவன் பெயரைச் சுருக்குகிறான். ஊரைக் கேட்டால் அருகிலுள்ள நகரத்தைச் சொல்கிறான். ஆழ்வார்களுள் திருப்பாணாழ்வார் தம் பத்துப் பாசுரங்களின் முடிவில் பெயரும் ஊரும் பதிக்கவில்லை. அரங்கனின் திருமேனியழகில் தம்மையே மறந்தார் என்று கொள்வதே ரஸிகர்க்கு அழகு. அந்த மறதி அவருக்கு அன்பு தந்த பேறு. அச்சத்தால் தன்னை மறைத்துக்கொள்ளும் இன்றைய இளைஞனின் மௌனம் அத்தகையதன்று. அவனும் கூசாமல் தன் ஊரைச் சொல்லும் நாளில்தான், நம் அடையாளத்தை நாம் சொல்வதும் குற்றமற்றதாகும்.

ஆசார்யர்களின் அநுஷ்டாநம்

பூர்வாசார்யர்கள் இதைப் பேச்சளவில் நிறுத்தவில்லை. அந்தணரான மதுரகவிகள், வேளாளர் குடியில் தோன்றிய, வயதிலும் தம்மினும் இளையவரான நம்மாழ்வாரையே தெய்வமாகக் கொண்டு பதினொரு பாசுரங்கள் பாடினார். அந்தணராய்ப் பிறந்த தொண்டரடிப்பொடியாழ்வார், அடியார்களைப் பழிக்கும் வேதியர் அக்கணமே தாழ்ந்துபோவர் என்ற கருத்தைத் திருமாலையின் இறுதிப் பகுதியில் வைத்தார். தம் குலத்தையே நோக்கி அவர் சொன்ன எச்சரிக்கை அது. காஞ்சியில் இளையாழ்வார் திருக்கச்சி நம்பிகள் அமுதுசெய்த சேஷத்தைத் தாம் உண்ண விரும்பினார். அவருடைய தேவிகளோ நம்பிகள் உண்ட இடத்தைக் கழுவி நீராடினார். ஒரே வீட்டில் ஸ்மரணமும் நிரூபணமும் அருகருகே இருந்ததை அந்தக் கதை காட்டுகிறது.

பெரிய நம்பிகள், தாழ்ந்த குலத்தில் பிறந்த மாறனேரி நம்பிக்குத் தாமே இறுதிச் சடங்கைச் செய்தார். ஊரார் அவரை விலக்கினர். உடையவர் காரணம் கேட்டபோது, பறவையான ஜடாயுவுக்குப் பெருமாள் செய்ததையும், விதுரருக்குத் தர்மபுத்திரர் செய்ததையும் சொல்லி, அடியார் பெருமை பேசும் ஆழ்வார் பாசுரங்கள் சேவிப்பதற்கு மட்டுமா, அநுஷ்டிப்பதற்கு இல்லையா என்ற கருத்துப்பட விடையிறுத்தார். அங்கே விலை கொடுத்தவர் பெரிய நம்பிகளே. தம் குலத்தின் மதிப்பைத் தாமே செலவிட்டு ஒரு பாகவதரின் மதிப்பைக் காத்தார். உடையவரும் முதிர்ந்த பருவத்தில் காவேரியில் நீராடச் செல்லும்போது முதலியாண்டானின் கையையும், நீராடித் திரும்பும்போது உறங்காவில்லி தாஸரின் கையையும் பற்றி நடந்தார்.

போடிமெட்டுக்கு அப்பாலுள்ள மலைகள் எந்த நாட்டைச் சேர்ந்திருந்தனவோ, அந்தத் திருவிதாங்கூரின் தலைநகரத்தோடு தொடர்புடையவர் விளாஞ்சோலைப் பிள்ளை. பிள்ளை லோகாசாரியரின் சீடர், ஈழவர் குலத்தவர். கோயிலுக்குள் செல்லவியலாத அக்காலத்தில் திருவநந்தபுரத்தில் ஒரு விளாமரத்தின் மேலிருந்து திருக்கோபுரத்தை நோக்கியபடி ஆசார்யனின் நூலை அநுஸந்தித்தார் என்பர். ஸ்ரீவசந பூஷணத்தின் ஸாரத்தை ஏழே பாசுரங்களில் வடித்த ஸப்தகாதை அவர் அருளியது. ஜந்ம நிரூபணம் அபசாரம் என்று கூறும் நூலின் ஸாரத்தை நமக்கு எளிதாக்கித் தந்தவர், அந்த அபசாரத்தால் வாயிலுக்கு வெளியே நின்றவர். அம்மலைநாட்டின் அரசுக் கோயில்கள் 1936 நவம்பர் 12 அன்றுதான் எல்லா இந்துக்களுக்கும் திறந்தன. மலைக்குக் கிழக்கே, போடி அன்று சேர்ந்திருந்த மதுரை மாவட்டத்தில், மீனாட்சியம்மன் கோயில் நுழைவு 1939 ஜூலை 8 அன்று நிகழ்ந்தது. ஆசார்ய வாக்கு ஊரின் வழக்கமாக ஆவதற்கு இத்தனை நூற்றாண்டுகள் சென்றன.

இரண்டு ஆட்சேபங்கள்

ஸ்வாமி தேசிகன் ரஹஸ்யத்ரயஸாரத்தின் ப்ரபாவவ்யவஸ்தாதிகாரத்தில், பாகவதரின் பெருமையை ஒப்புக்கொண்டே, உடல் உள்ளவரை ஜாதியும் அதற்குரிய விதிகளும் நிற்கும் என்று ஸாதிக்கவில்லையா என்று கேட்கலாம். கேட்பது நியாயமே. பிள்ளை லோகாசாரியரின் நோக்கும் இதுவும் ஒன்றல்ல. இரு கலையாரும் இதை அறிவர். ஆயினும் தேசிகனின் நிலைப்பாடும், ஒருவன் தனக்குரிய விதியை அநுஷ்டிப்பதைப் பற்றியது. அதில் பிறனை இகழ அநுமதி எங்குமில்லை. உடலுக்குரிய வேறுபாடு உண்டு என்பவர்க்கும் பாகவத அபசாரம் அபசாரமே. ஆகவே எக்கலையைச் சார்ந்தவரும் ஜந்ம நிரூபணத்துக்குத் தம் ஆசார்யனைத் துணைக்கு அழைக்க வழியில்லை.

மற்றோர் ஆட்சேபம் வெளியிலிருந்து வருகிறது. சாதியை வைத்துக்கொண்டு இகழ்ச்சியை மட்டும் நீக்க முடியாது, சாதியின் உடம்பே படிநிலைதான் என்பது அண்ணல் அம்பேத்கர் 1936-இல் சாதி ஒழிப்பைப் பற்றி எழுதிய நூலின் வாதம். இதை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. கீழே ஒருவர் இருந்தால்தான் நிற்கும் என்றால், அந்த அடையாளம் விழத்தக்கதே. நம் ஸித்தாந்தமும் இதற்கு அருகில் வருகிறது. ஆத்மாவின் ஸ்வரூபம் சேஷத்வம். ஜாதி உடலைப் பற்றியது. உயர்ந்தது என்று எண்ணப்படும் பிறப்பு அஹங்காரத்துக்கு இடமாவதால் அஞ்சத்தக்கது என்று லோகாசாரியரே கருதுகிறார். ஆகவே குல நினைவு நம்மிடம் இருக்கலாம். நாம் யார் என்ற வினாவுக்கு முதல் விடையாக அது இருக்க முடியாது. முதல் விடை அடியேன் என்பதே.

கடினமான இடம் விவாஹம். தம் குடியில் வரன் தேடுவது அபசாரமா என்று கேட்பவர்க்கு, ஒரே வீச்சில் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்வது எளிதன்று. அளவுகோலை மட்டும் வைத்துப் பார்க்கலாம். ஒத்த பழக்கமுள்ள இல்லத்தைப் பெற்றோர் விரும்புவது ஒன்று. பிள்ளை வேறு குலத்தவரை விரும்பியபோது, வந்தவளின் பக்தியையும் குணத்தையும் பாராமல் பிறப்பை மட்டும் பார்த்து வாயிலை அடைப்பது வேறொன்று. அங்கே நம் குல நினைவுக்கான விலை இரண்டு இளையவர்களின் தலையில் விழுகிறது. தாய்நாட்டில் அது சில வேளை உயிர் விலையாகவே ஆகிவிடுகிறது. அத்தகைய செய்தியைக் கேட்டு நடுங்காத குலப்பெருமை எந்த ஆசார்யனின் திருவடியையும் சேராது.

நம் கோஷ்டிகளில்

நம்மிடம் அழகிய வழக்கம் ஒன்று இருக்கிறது. அபிவாதநம் செய்வோன் தன் ரிஷிகளையும் கோத்ரத்தையும் ஸூத்ரத்தையும் சாகையையும் பெயரையும் சொல்கிறான். இவ்வளவு முழுமையாகக் குலத்தைச் சொல்லும் இடம் வேறில்லை. அவன் அதைச் சொல்வது பெரியோர் முன் தலைவணங்கி; சொல்வதும் தன்னைப் பற்றி மட்டுமே. குல நினைவுக்குச் சாஸ்திரம் வகுத்த தோரணை வணக்கம். நிமிர்ந்து நின்று பிறனிடம் உன் குலம் எது என்று கேட்கும் தோரணையை அது எங்கும் வகுக்கவில்லை.

பஞ்ச ஸம்ஸ்காரத்தில் தோள்களில் சங்கும் சக்கரமும் பொறிக்கப்படுகின்றன. எக்குலத்தவர்க்கும் அதே சங்கு, அதே சக்கரம். எம்பெருமான் இலச்சினையிட்ட தோளில் விரலால் தடவி வேறோர் அடையாளத்தைத் தேடுவது எத்தகைய செயல் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த இலச்சினை இல்லாத தோளும் அவனுடைய சரீரமே.

ஆகவே வெளிநாடுகளில் கோயில் நடத்துவோரும் கோஷ்டி சேர்ப்போரும் சில செய்யலாம். புதிதாக வருபவரிடம் முதல் வினாவாக ஊரையும் குலத்தையும் வைக்காமல், எந்தப் பதிகம் சேவிக்க விருப்பம் என்று கேட்கலாம். பிரபந்தம் கற்கும் வகுப்பில் குழந்தைகளுக்கு ஆழ்வார்களின் பிறப்பை மறைக்காமல், திருப்பாணரையும் விளாஞ்சோலைப் பிள்ளையையும் மாறனேரி நம்பியையும் பட்ட வேதனையோடு சேர்த்தே சொல்லலாம். மடைப்பள்ளியிலும் பந்தியிலும் ஆசாரம் வேண்டுமாயின், அது நீராடுதல், தூய்மை, நியமம் என்று எவரும் கற்று ஏற்கத்தக்கதாக இருக்கட்டும். பிறப்பொன்றாலன்றி எட்ட முடியாத ஆசாரத்துக்கு விலை கொடுப்பவர் எப்போதும் வெளியே நிற்பவர்தான். அவமதிப்பு நேர்ந்ததாக ஒருவர் வந்து சொன்னால், அவரிடம் சான்று கேட்பதற்கு முன் அவர் சொல்வதை முழுதும் கேட்கலாம்.

தம் குலதெய்வத்தின் பெயரையும் பாட்டனாரின் ஊரையும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் இல்லங்கள் வாழ்க. அதைச் சொல்லித் தரும் அதே நாளில், மூன்றாம் பத்தின் அந்த ஏழாம் பதிகத்தையும் பொருளோடு சொல்லித் தரவேண்டும். குருகூர்ச் சடகோபன் தம் ஊரைச் சொல்லும் இறுதிப் பாசுரத்தை அடைவதற்கு முன், அடியாரின் அடியாரைத் தலைவராக ஏற்கும் பாசுரங்களைக் கடந்தே வரவேண்டும். ஆழ்வார் அமைத்த அந்த வரிசையே நமக்கும் வரிசை.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.
அடியேன் ராமாநுஜ தாஸன்